படைத்தளத்து கேம் டோர்னமெண்ட் யாருக்காக நடக்கிறது?

அமெரிக்க ராணுவம், வீடியோ கேம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பலருக்கு 2020 ஜூலையில் ட்விட்ச் என்ற கேம் நேரலை இணையதளத்தில் நடந்த தகராறுதான் நினைவுக்கு வரும். ராணுவத்தின் கேமிங் அணி நேரலையில் ஆடிக்கொண்டிருந்தபோது, சாட்டில் வந்து போர்க்குற்றங்களைப் பற்றிக் கேட்டவர்களைத் தடை செய்தார்கள். பரிசு தருகிறோம் என்று போட்டிருந்த லிங்க்கைத் தொட்டால் அது ஆள்சேர்ப்புப் படிவத்தில் கொண்டுபோய் நிறுத்தியது, அதை எடுக்கும்படி ட்விட்ச் நிறுவனமே சொல்ல வேண்டியிருந்தது. அந்த மாதக் கடைசியில், ட்விட்ச் வழியாக ராணுவத்துக்கு ஆள் பிடிக்கக் கூடாது என்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் கீழவையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார், 126க்கு 292 என்ற கணக்கில் அது தோற்றது.

அந்த விவாதம் அவசியமானதுதான். ஆனால் அதன் இரைச்சலில் வேறொரு விஷயம் அடிபட்டுப் போகிறது என்பது என் வருத்தம். ஏற்கனவே ராணுவத்தில் சேர்ந்துவிட்ட இளைஞர்களுக்காக, படைத்தளத்துக்குள்ளேயே, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுதுபோக்கு மையத்தின் ஏதோ ஒரு ஹாலில் நான்கு டிவியை வைத்து நடத்துகிற டோர்னமெண்ட் இருக்கிறதே, அதற்கும் மேலே சொன்ன ஆள்சேர்ப்பு அணிக்கும் சம்பந்தமே இல்லை. நடத்துகிறவர்கள் வேறு, பணம் வருகிற வழி வேறு, நோக்கமும் வேறு. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், முதலாவதன் மீது வருகிற கோபம் இரண்டாவதன் மீதும் விழுகிறது, முதலாவதற்குக் கிடைக்கிற பணமும் கவனமும் மட்டும் இரண்டாவதற்குக் கிடைப்பதில்லை.

சரி, யார் வருகிறார்கள் இந்த டோர்னமெண்டுக்கு? பெரும்பாலும் பாரக்ஸில் தங்கியிருக்கும் திருமணமாகாத இளநிலைச் சிப்பாய்கள். 19, 20 வயது. வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்தவர்கள், பலரிடம் கார் இருக்காது, வெளிநாட்டுத் தளம் என்றால் வாசலைத் தாண்டினால் மொழி தெரியாது. தென்கொரியாவில் இருக்கும் அமெரிக்கப் படையினருக்கு 2019 ஜூன் வரை இரவு ஒரு மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்ற ஊரடங்கு இருந்தது. மத்திய கிழக்குத் தளங்கள் பலவற்றில் பொது ஆணை எண் ஒன்று என்று ஒரு கட்டளை உண்டு, அதன்படி மது கூடாது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் செய்வதற்கு என்ன இருக்கிறது? கேம் இருக்கிறது.

தளங்களுக்குள் கேம் எப்போதோ வந்துவிட்டது. 2001ல் ஹேலோ என்ற துப்பாக்கிச் சுடும் கேம் வெளியானபோது நான்கு எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களைக் கேபிளால் இணைத்து 16 பேர் ஒரே ஆட்டத்தில் இறங்கலாம் என்ற வசதி அதில் இருந்தது. இணையம் தேவையில்லை. சில ஆண்டுகளில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நீண்டபோது சிப்பாய்களின் மூட்டையோடு கன்சோல்களும் போயின. பிளைவுட் அறைகளில் ஒரு ஜெனரேட்டரின் கரண்டில் அவர்கள் ஆடியதை யாரும் திட்டமிட்டு ஏற்பாடு செய்யவில்லை. டோர்னமெண்ட் வந்து இந்தப் பழக்கத்துக்கு ஒரு நாளும் நேரமும் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில்தான் விஷயமே இருக்கிறது. தன் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஊரில் இருக்கும் பள்ளி நண்பனோடு ஆடுகிறவன், பக்கத்துக் கட்டடத்தில் அதே கேமை அதே நேரத்தில் ஆடுகிற இன்னொருவனை மாதக்கணக்கில் பார்க்காமலேயே இருந்துவிட முடியும். ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்து ஹாலுக்கு வந்தால் அவன் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

நடத்துவது யார் என்பதில் பல கைகள் உண்டு. எம்.டபிள்யூ.ஆர். என்ற அமைப்பு முதலாவது. மனவுறுதி, நலம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான பிரிவு அது, ஜிம், நூலகம், பவுலிங் எல்லாம் அதன் கீழ்தான். தரைப்படையில் 1989ல் தொடங்கிய பாஸ் என்ற திட்டம் இன்னொன்று, திருமணமாகாத சிப்பாய்களின் வாழ்க்கையைக் கவனிப்பதற்கென்றே உருவானது. பல தளங்களில் ஸ்மாஷ் என்ற சண்டை கேமின் டோர்னமெண்டுக்குப் போஸ்டர் ஒட்டுவது இவர்களாகத்தான் இருக்கும். மூன்றாவது யு.எஸ்.ஓ. 1941ல் தொடங்கிய தனியார் தொண்டு அமைப்பான அது, அரசுத் துறையே இல்லை. யு.எஸ்.ஓ. மையங்களில் கன்சோல் இருப்பது இப்போது சாதாரணம். புரோ வெர்சஸ் ஜி.ஐ. ஜோ என்ற குழு அந்த மையங்களில் இருக்கும் சிப்பாய்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு நேரடியாக மோதவிடும் நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறது. ஸ்டாக் அப் என்ற தொண்டு அமைப்பு 2015லிருந்து தொலைதூரத் தளங்களுக்குக் கன்சோலும் கேமும் அடைத்த பெட்டிகளை அனுப்புகிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தளத்துப் பொழுதுபோக்குக்கு இரண்டு உண்டியல்கள். ஒன்று நாடாளுமன்றம் ஒதுக்குவது. மற்றது தளத்துக்குள்ளேயே சம்பாதிப்பது: எக்ஸ்சேஞ்ச் எனப்படும் தளத்துக் கடைகளின் லாபத்தில் ஒரு பங்கு, பவுலிங், கோல்ஃப், உணவகம் ஆகியவற்றின் வருமானம். எக்ஸ்சேஞ்ச் 1895லிருந்து இருக்கிற ஏற்பாடு. ஆகவே ஹாலில் இருக்கும் அந்த 32 அங்குல டிவி, எவனோ ஒருவன் பவுலிங் ஆடிவிட்டு வாங்கித் தின்ற ஹாட் டாக்கில் வந்ததாகவும் இருக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். சிப்பாயின் காசு சிப்பாய்க்கே திரும்பி வருகிறது.

இனி நடத்துகிற வேலைக்கு வருவோம். வெளியில் நடக்கும் டோர்னமெண்டுக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

32 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தோற்றால் வெளியே என்றால் மொத்தம் 31 ஆட்டம். ஆனால் பத்து நிமிடம் ஆடிவிட்டுத் திரும்பிப் போவதற்காக யாரும் வருவதில்லை என்பதால் இரண்டுமுறை தோற்றால்தான் வெளியே என்று வைப்பார்கள், அப்போது 62 ஆட்டம், இறுதியில் சமன் ஆனால் 63. ஓர் ஆட்டத்துக்கு ஆள் கூப்பிட்டு உட்காரவைத்து முடிக்க 12 நிமிடம், நான்கு டிவி. வகுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது, ஆனால் கடைசிச் சுற்றுகளில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஓடும், மற்ற மூன்று டிவியும் சும்மா கிடக்கும் என்பதால் உண்மையில் நான்கு மணியைத் தாண்டிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்தரை. கட்டடத்தைப் பூட்டுகிற நேரம் பத்து என்றால், அதை முன்கூட்டியே பேசி வைக்காதவர் அரையிறுதியில் மாட்டிக்கொள்வார்.

இது எங்கேயும் உள்ள கணக்கு. தளத்தில் கூடுதலாக டியூட்டி ரோஸ்டர் இருக்கிறது. பாரக்ஸ் வாசலில் மேசை போட்டு 24 மணி நேரம் உட்காரும் சி.க்யூ. பணி ஒருவனுக்கு வியாழக்கிழமைதான் தெரியவரும். ஒரு கம்பெனி முழுவதும் களப்பயிற்சிக்குப் போய்விட்டால் பெயர் கொடுத்ததில் பத்துப் பேர் ஒரே நாளில் காணாமல் போவார்கள். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிராக்கெட்டை, அதாவது யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணையை, முதல் நாளே போட்டு வெளியிட மாட்டார்கள், கதவருகே நின்று வந்தவர்களின் பெயரை வாங்கி, ஆறு மணிக்குப் பதிவை மூடி, அதற்குப் பிறகுதான் சாலோஞ்ச் மாதிரி ஓர் இணையதளத்தில் பெயர்களை ஏற்றுவார்கள். பரிசுத் தொகையைவிட, வராமல் போனவனுக்கு எத்தனை நிமிடம் காத்திருப்பது என்ற விதி முக்கியமானது. பணிக்காகத் திடீரென்று அழைக்கப்பட்டவனையும் அறையில் தூங்கிவிட்டவனையும் ஒரே மாதிரி நடத்தினால், அடுத்த மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

அப்புறம் பொருட்கள். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் புதிதாக ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் போட்டால் முதலில் எட்டே எட்டுப் பாத்திரங்கள்தான் இருக்கும். மொத்தம் 80க்கும் மேல். மீதியை ஆடித்தான் திறக்க வேண்டும், சிலவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நல்ல மனதோடு நான்கு புது ஸ்விட்ச் வாங்கி வைத்துவிட்டு, டோர்னமெண்ட் அன்று பெட்டியைப் பிரித்தால் தீர்ந்தது கதை, தான் வருடக்கணக்கில் ஆடிய பாத்திரம் இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். அதனால் சிப்பாய்களையே சொந்த ஸ்விட்ச்சைக் கொண்டுவரச் சொல்வார்கள், கொண்டுவந்தவனுக்கு நுழைவுச் சலுகை ஏதாவது இருக்கும்.

வயர்லெஸ் கன்ட்ரோலர் இன்னொரு வம்பு. ஒருவன் தன் கன்ட்ரோலரை ஒரு கன்சோலில் இணைத்து ஆடி முடித்து, இணைப்பை எடுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறான். அரை மணி கழித்து ஹாலின் மூலையில் அவன் எதேச்சையாகப் பட்டனை அமுக்க, இங்கே வேறு இருவரின் ஆட்டம் கடைசி உயிரில் இருக்கும்போது திரை நின்றுவிடுகிறது. இதில் சண்டை வராமல் இருக்காது. அதனால் ஆட்டம் முடிந்ததும் இணைப்பைத் துண்டி என்று ஒவ்வொரு டிவியின் கீழும் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவைப்பவர் யாரோ, அவரே அன்றைய நிஜமான ரெஃப்ரி.

டிவியையும் சொல்ல வேண்டும். பொழுதுபோக்கு ஹாலில் படம் பார்க்க வாங்கிய பெரிய டிவி, படத்தை மெருகேற்றுகிறேன் என்று ஒவ்வொரு பிரேமையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். நொடிக்கு 60 பிரேம் ஓடுகிற சண்டை கேமில் ஒரு பிரேம் என்பது 16.7 மில்லி செகண்ட். நான்கைந்து பிரேம் தாமதமானால் கைப்பழக்கம் முழுக்கத் தப்பாகிவிடும். மெனுவுக்குள் போய் கேம் மோடைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிற விஷயம்தான், ஆனால் ரிமோட் எங்கே என்று தேடுவதில் இருபது நிமிடம் போகும்.

வெளிநாட்டுத் தளங்களில் மின்சாரமும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360ன் பவர் பெட்டி 110 வோல்ட் பக்கத்துக்கானது. கொரியாவில் சுவரில் வருவது 220, ஜெர்மனியில் 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் பவர் பெட்டி போய்விடலாம். இப்போது வருகிற கன்சோல்கள் 100லிருந்து 240 வரை தாங்கும் என்பதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, பிளக் மாற்றி இருந்தால் போதும்.

தளங்களுக்கு இடையில் ஆன்லைனில் ஒரு லீக் நடத்தலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. டெக்சஸில் சான் அன்டோனியோவுக்கும் கொரியாவில் கேம்ப் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கத் தளம் இருக்கும் பியாங்டேக்குக்கும் நடுவே சுமார் 11,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தால்கூட போய்வர 110 மில்லி செகண்ட், அதாவது ஆறரை பிரேம், நிஜக் கேபிள்கள் சுற்றிச் சுற்றித்தான் போகின்றன என்பதால் இன்னும் கூடும். துப்பாக்கிச் சுடும் கேமில் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போவது இதனால்தான். பூமியோடு சேர்ந்து சுற்றும் 36,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள் வழியாக இணையம் வருகிற இடமாக இருந்தால் போய்வரக் கிட்டத்தட்ட அரை நொடி, அங்கே ஆன்லைன் டோர்னமெண்ட் என்ற பேச்சே எடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் இன்றும் கேபிளும் கன்சோல்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியும்தான் துணை.

நேரமும் ஒத்துழைக்காது. சான் அன்டோனியோவில் கோடைக்கால வெள்ளி இரவு ஏழு மணி என்றால் ஜெர்மனியில் சனி அதிகாலை இரண்டு, கொரியாவில் சனி காலை ஒன்பது. யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், அது எப்போதும் ஒரே தளத்து ஆட்களாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நடத்துகிறவரின் நேர்மை. இதையெல்லாம் தாண்டி, அரசாங்க வேலைக்கான நெட்வொர்க்கில் கேம் ஆட முடியாது, ஆடக் கூடாது. பொழுதுபோக்கு மையத்துக்கென்று தனியாக வாங்கிய இணைப்பு எவ்வளவு வேகமோ அவ்வளவுதான்.

விதிகளில் சில எனக்கு நியாயமாகத் தெரிகின்றன. ஓர் எனர்ஜி டிரிங்க் கம்பெனி ஸ்பான்சர் செய்தால், போஸ்டரின் அடியில் சின்ன எழுத்தில் இது அரசின் ஆதரவைக் குறிக்காது என்று ஒரு வரி போட வேண்டும். அரசு ஊழியர் வெளியாரிடம் வாங்கும் அன்பளிப்புக்குப் பொது வரம்பு ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலர். எல்லோருக்கும் திறந்திருக்கும் போட்டியில் ஜெயித்து வாங்கும் பரிசுக்கு இது பொருந்தாது, ஆனால் தளத்துக்குள் சிப்பாய்களுக்கு மட்டும் நடக்கும் போட்டி அந்த விலக்கில் வருமா என்பதைச் சட்ட அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். எந்த கேம் என்பதும் சில சமயம் விதிக்குள் வரும். 2010ல் மெடல் ஆஃப் ஹானர் கேமில் பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் தாலிபானாக ஆட முடியும் என்பது தெரிந்ததும், தளத்துக் கடைகள் அதை விற்க மறுத்தன. தயாரித்த நிறுவனம் கடைசி நேரத்தில் அந்தத் தரப்பின் பெயரை மாற்றியது. ஆப்கானிஸ்தானில் ஆட்களை இழந்த யூனிட்டின் ஹாலில் அந்தப் பெயர் திரையில் வந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் அந்த முடிவு புரியும்.

பேச்சு இன்னொரு ஆபத்து. 2023 ஏப்ரலில், விமானப்படைத் தேசியக் காவல் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் கேம் நண்பர்கள் கூடும் குழுவில் ரகசிய ஆவணங்களைப் பகிர்ந்தது வெளியானது. அதற்குப் பிறகு எந்த டோர்னமெண்டாக இருந்தாலும் டிஸ்கார்டில் யூனிட் பெயர், கிளம்பும் தேதி எதையும் எழுதாதீர்கள் என்று சொல்லாமல் தொடங்க முடியாது. அடுத்த மாதம் 14ஆம் தேதி நான் இருக்க மாட்டேன், என் யூனிட்டே இருக்காது என்று ஒருவன் அப்பாவியாக எழுதினால் அதுவே தகவல்தான். அதே குழுவில் பெண் சிப்பாய்கள் குரலைத் திறந்தால் என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்பதற்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கண்காணிக்க வேண்டும், கேம்தானே என்று விட்டுவிடக் கூடாது.

பெரிய மேடைகளும் வந்துவிட்டன. 2020 டிசம்பரில் கால் ஆஃப் டியூட்டி கேமின் பெயரில் இயங்கும் கால் ஆஃப் டியூட்டி எண்டோமென்ட் என்ற தொண்டு அமைப்பு நடத்திய கோட் பவுல் போட்டியில் அமெரிக்க, பிரிட்டிஷ் படை அணிகள் மோதின, தொடங்கி ஒரு வருடம்கூட நிறைவடையாத விண்வெளிப்படை கோப்பையை வென்றது. 2022 மே மாதம் சான் அன்டோனியோவில் ஃபோர்ஸ்கான் என்ற விழாவில் படைகளுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் ஹேலோ இன்ஃபினிட்டில் நடந்தது. மரைன் படையின் ஆள்சேர்ப்புப் பிரிவு மட்டும், போர் விஷயத்தைப் பொறுப்போடு விளையாட்டாக்க முடியாது என்று 2020ல் தனக்கென அணி வைக்க மறுத்தது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

ராணுவமே தொழில்முறை அணி வைத்த கதை இதைவிடப் பழையது, அது தென்கொரியாவுடையது. அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் கேமின் வீரர்களுக்கு விரல் வேகம் உச்சத்தில் இருக்கும் வயதும் சேவைக்குப் போக வேண்டிய வயதும் ஒன்றாக இருந்ததால், இரண்டு வருடம் போய்வந்தால் ஆட்டமே முடிந்துவிடும். 2007ல் கொரிய விமானப்படை ஏஸ் என்று ஓர் அணியைத் தொடங்கியது. பாக்ஸர் என்ற பெயரில் நாடே கொண்டாடிய இம் யோ ஹ்வான் சீருடையிலேயே லீக்கில் ஆடினார். அணி பெரிதாக ஜெயிக்கவில்லை, 2012ல் கலைந்தது. ஆனால் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டவன் தன் கையில் இருந்த ஒன்றை இழக்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு படை நினைத்ததே, அது எனக்குப் பெரிய விஷயம்.

அமெரிக்கத் தரைப்படை தன் அணியைத் தொடங்கியது 2018ல், அந்த ஆண்டு 76,500 பேர் சேர வேண்டிய இடத்தில் சுமார் 6,500 பேர் குறைந்திருந்தார்கள். அணி எதற்கு என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் படிவம் நிரப்பினார்கள் என்று அதன் பலனை அட்டவணையில் போட்டுக் காட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை ஹாலின் பலனை எப்படிக் காட்டுவது? வந்தவர் 32 என்று ஒரு வரிதான் எழுத முடியும். கேம் ஆடுகிறவர்களின் பார்வைத்திறனும் சிந்தனை வேகமும் 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்று கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் 2010ல் சொன்னதை எடுத்துவைத்துப் பலரும் பட்ஜெட் கேட்கிறார்கள். அந்த வழியில் போனால் பொழுதுபோக்கும் பயிற்சியாகிவிடும், பயிற்சி என்றால் கட்டாயம் வந்துவிடும், கட்டாயம் வந்த நாளில் ஹால் காலியாகிவிடும். பொழுதுபோக்கு என்றே சொல்லிக் கேட்பதுதான் சரி.

அந்த ஹாலில் இன்னொன்றும் நடக்கிறது. திரையில் ரேங்க் தெரியாது. சீருடை இல்லாமல் வந்த கேப்டன் ஒருவர் முந்தாநாள் சேர்ந்த பிரைவேட் என்ற கடைநிலைச் சிப்பாயிடம் மூன்று ஆட்டத்தில் இரண்டு தோற்று, எழுந்து கை கொடுத்துவிட்டுப் போகலாம். அதிகாரிகளும் சிப்பாய்களும் அளவு மீறி நெருங்கக் கூடாது என்ற விதி கண்டிப்பானதுதான், ஆனால் விளையாட்டு அணிகளில் சேர்ந்து இருப்பதை அது தடுப்பதில்லை.

நான் ஒரு தளத்தில் டோர்னமெண்ட் நடத்துகிறவருக்கு யோசனை சொல்லலாம் என்றால் ஐந்தாவதாக ஒரு டிவி கேட்பேன். 32 பேர் பிராக்கெட்டில் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்று வெளியே வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றுதான் முதல்முறை வந்தவர்கள், யாரையும் தெரியாதவர்கள். மணி ஏழரைதான் ஆகியிருக்கும். மற்ற நான்கு டிவியிலும் பெயர் கூப்பிட்டு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், இவர்கள் ஜாக்கெட்டைத் தேடத் தொடங்குவார்கள். ஐந்தாவது டிவி பிராக்கெட்டில் சேராதது, கதவுக்குப் பக்கத்தில், நான்கு நாற்காலியோடு, கன்ட்ரோலர் செருகியபடி.